உருட்டாத நூற்றிருபத்திரண்டு ஆட்டங்கள்

டொலீடோ, ஒஹையோ
6 அக்டோபர் 1974

ஓரினுக்கு,

கடைசி நான்கு பேஸ்பால் ஆட்டத்தாள்களும் இந்த உறையில் இருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தோல்வி. என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் கையாலேயே பகடை உருட்டி, என் அணியை நானே மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறேன். லீக் செயலாளர் என்ற முறையில் ரசீது அனுப்பிவிடு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி பெர்னிஸ். நேற்று சாப்பாட்டு நேரத்தில் நான் தாள்களை அடுக்குவதைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கத்துக்கும் நீயே உருட்டுற, நீயே எழுதுற. பாக்குறதுக்கு ஒரு ஆள் கெடையாது. அப்புறம் ஏன்டி தோக்குற?"

"பாக்க ஆள் இல்லாததாலதான்," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நம் எட்டுப் பேருக்கும் புரியும். ஆட்டம் யார் வீட்டிலோ அவர் எதிராளிக்கும் சேர்த்து உருட்டுகிறார், எதிராளி தபாலில் எழுதியனுப்பிய கட்டளைப்படி ஆள் மாற்றுகிறார், ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த எண்ணை எழுதி அனுப்புகிறார். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை, எந்த எண் விழுந்தால் என்ன நடக்கும் என்று அது சொல்லும். பதினொரு வருஷமாக இதுதான் நம் லீக்.

சரி, புலம்பலுக்கு வருகிறேன். எட்டு அணியில் ஏழாவது இடம். போன வருஷம் வரை நம் லீகில் பிட்சரும் தன் முறை வந்தால் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான். இந்த வருஷம் பெரிய லீகைப் பார்த்து நாமும் பதிலாள் விதிக்கு மாறினோம். பிட்சர் எறிவதோடு சரி, அவனுக்குப் பதிலாக மட்டை பிடிக்க ஒரு தடியன். நான் பிட்சர்களைச் சேர்த்து அணி கட்டியவள். ஊரில் ஒருவன் விடாமல் என் பிட்சர்களைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

அழுதுகொண்டே கணக்குப் பார்த்தேன். ஓர் அணி ஆட்டத்துக்கு 3.9 ரன் எடுத்துவந்த லீக் இது. இந்த வருஷம் 4.4. அரை ரன் ஏறியிருக்கிறது. நீ போன குளிர்காலத்தில் புது விதிப்படி 160 ஆட்டம் சோதனைக்கு உருட்டி 4.05 என்றுதானே அறிக்கை விட்டாய்? கால் ரன்னுக்கு மேல் ஏறினால் என் கை எழாது என்று நான் முன்பே எழுதியிருந்தேன். உன் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் கை தூக்கினேன். நாலுக்கு நாலு என்று நின்றிருக்க வேண்டியது, என்னால் ஐந்துக்கு மூன்று ஆனது.

அந்த 160 தாள்களையும் அனுப்பேன். சந்தேகமெல்லாம் இல்லை. அரை ரன் எந்த ஓட்டை வழியாக நுழைந்தது என்று பார்க்கத்தான். வெள்ளை மாளிகைக்காரர்கள் மாதிரி, பதிவு செய்த ஒலிநாடாவில் பாதி அழிந்துபோயிற்று என்று மட்டும் சொல்லிவிடாதே.

டெல்ஃபீன்


துலூத், மின்னசோட்டா
14 அக்டோபர் 1974

டெல்ஃபீன்,

சந்தேகம் இல்லை என்று எழுதுகிறவர்களுக்குத்தான் சந்தேகம் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். சோதனை என்றால் என்ன, 160 ஆட்டம் என்றால் எவ்வளவு, எவ்வளவு பிசகும் என்று எனக்குத் தெரியாதா?

காரணம் வேண்டுமென்றால் நான் சொல்கிறேன். இந்த வருஷத்து அட்டைகளில் பிட்சர்கள் மோசம். பலர் பதிலாளுக்கென்றே வயதான பெரிய அடிக்காரர்களை வாங்கிப் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து ரன் ஏறியிருக்கிறது. விதியின் மேல் பழி போடாதே. என் மேலும் போடாதே.

என் அணியில் ஹெர்ப் ஸ்டாக்கி இருக்கிறானே, முழங்கால் போய் மைதானத்தில் நிற்க முடியாதவன், அவன் இந்த வருஷம் பதிலாளாக 41 ஹோம் ரன் அடித்தான் என்று நீ மனத்துக்குள் கறுவுவது எனக்குத் தெரியாமல் இல்லை. அது என் அதிர்ஷ்டம்.

தாள்களைப் பார்சலில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் பகடை எண் இருக்கிறது. ஆசை தீர எண்ணிக்கொள். கட்டும்போது லோர்னா கேட்டாள்:

"என்னங்க, இவ்ளோ கனம்?"

"டொலீடோக்காரிக்கு என் நாணயத்து மேல சந்தேகம் வந்துடுச்சாம். அதான் அனுப்பறேன்."

"உங்க நாணயம் எட்டு பவுண்டா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓரின்


டொலீடோ
2 நவம்பர் 1974

திரு. ஓரின் ஹாக்ஸ்டாட் அவர்களுக்கு,

பார்சல் கிடைத்தது. எண்ணினேன்.

எக்ஸ்சேஞ்சில் பத்தொன்பது வருஷமாக எனக்கு வேலையே எண்களைப் பார்ப்பதுதான். ஒரு சீட்டில் எண் தப்பாக இருந்தால் படிக்கும் முன்பே கண்ணில் குத்தும். உங்கள் தாள்களில் எதுவோ குத்தியது. என்னவென்று பிடிபட ஒரு வாரம் ஆயிற்று.

நம் ஆட்டத்தில் இரண்டு பகடை, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. முப்பத்தாறு விதமாக விழும். ஆகவே முப்பத்தாறு தடவைக்கு ஒருமுறை, முன்பு விழுந்த அதே எண் உடனே திரும்பவும் விழ வேண்டும். ஓர் ஆட்டத்தில் எழுபது எழுபத்தைந்து தடவை உருட்டுகிறோம். ஆட்டத்துக்கு இரண்டு முறையாவது அப்படி நடக்கும். என் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன், நடந்திருக்கிறது. மற்றவர்கள் தாளிலும் நடந்திருக்கிறது.

உங்கள் சோதனையில் முதல் 38 ஆட்டங்களில் 81 முறை அப்படி விழுந்திருக்கிறது. மிச்சமுள்ள 122 ஆட்டங்களில் நான்கே முறை.

பகடைக்கு முன்பு விழுந்தது ஞாபகம் இருக்காது. எழுதுகிற மனிதனுக்குத்தான் இருக்கும். இப்போதுதானே 5-2 போட்டோம், உடனே இன்னொரு 5-2 போட்டால் நம்ப மாட்டார்கள் என்று அவன்தான் யோசிப்பான்.

இன்னொன்று. அந்த முதல் 38 ஆட்டங்களை மட்டும் கூட்டி வகுத்தால் ஓர் அணிக்கு 4.4 ரன் வருகிறது. மிச்சத்தில் 3.94. இரண்டையும் சேர்த்தால் உங்கள் அறிக்கையிலுள்ள 4.05. உண்மை என்னவென்று முப்பத்தெட்டாவது ஆட்டத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நான் தப்பாக எண்ணியிருந்தால் சொல்லுங்கள். தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்றுதான் மூன்று தடவை எண்ணினேன்.

டெல்ஃபீன் ரூசெக்


துலூத்
8 நவம்பர் 1974

டெல்ஃபீன்,

நீ தப்பாக எண்ணவில்லை.

இதை வகுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது. யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நான் கண்காணிக்க வேண்டும். எனக்குத் தலையை நிமிர்த்தவே கூச்சமாக இருக்கிறது.

வருஷா வருஷம் செப்டம்பரில் ஒரு வீட்டுப் பாடம் கொடுப்பேன். காசை இருநூறு தடவை சுண்டி, தலையா பூவா என்று எழுதி வாருங்கள் என்பேன். பாதிப் பேர் சுண்டவே மாட்டார்கள், உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக எழுதிவிடுவார்கள். தாளை வாங்கி ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவேன். நிஜமாகச் சுண்டினால் எங்காவது ஏழு தலை வரிசையாக விழும். பொய்யாக எழுதுகிறவன் நாலு எழுதுவதற்குள் பயந்து பூவுக்கு மாறிவிடுவான். இந்த வருஷமும் ஒரு பெண்ணை எழுப்பி, "காசு எங்கம்மா, பாக்கெட்லயே தூங்கிடுச்சா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் அழுதுவிட்டாள். அதற்கு எட்டு மாசம் முன்னால் அதே வேலையை நான் 122 தாளில் செய்திருந்தேன். அந்தப் பெண்ணை நிற்க வைத்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். முதலில் ஒரு காரணம் எழுதி, கிழித்துப் போட்டேன். தோள் வலி, ஜனவரிக் குளிர், பள்ளி வேலை என்று எழுதியிருந்தேன். அதெல்லாம் இருந்தது. ஆனால் அதற்காக நிறுத்தவில்லை. 38 ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன், 4.4 வந்தது. நீ கால் ரன் என்று கோடு போட்டிருந்தாய். விதி வராவிட்டால் ஸ்டாக்கியை அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூட வேண்டியதுதான். பதினொரு வருஷமாக என் அணியில் இருப்பவன். ஒரு காகித அட்டைக்காகச் செய்தேன். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிகிறது.

செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன். உடம்பு சரியில்லை என்று எழுதிவிடலாம். மற்ற ஆறு பேருக்கும் இது தெரிய வேண்டாம், டெல்ஃபீன். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓரின்


டொலீடோ
17 நவம்பர் 1974

ஓரின்,

ஆறு பேருக்கும் நான் சொல்லப் போவதில்லை. அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. உடம்பு சரியில்லை என்று எழுதினால் மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

சோதனை ஆட்டம் எனக்கு இப்போது பெரிதில்லை. வேறொன்று கேட்க வேண்டும். கேட்கவே கை வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

1972 அக்டோபர். இறுதிச் சுற்று. மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் உங்கள் வீட்டில், உங்கள் கையில். நான் ஜெயித்தேன், 4-3. இந்த லீகில் நான் ஜெயித்த ஒரே வருஷம்.

அது என்ன வருஷம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டில் ஸ்டான் என்னை விட்டுவிட்டு அரிசோனா போனான். நான் உங்களுக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். அத்தனையும் எழுதியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு வெட்கப்பட்டிருக்கிறேன். எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், கடையில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றெல்லாம். அந்த வருஷம் முழுக்க என் கையை விட்டுப் போனவைதான் அதிகம். அக்டோபரில் உங்கள் உறை வந்தது. எக்ஸ்சேஞ்ச் முழுக்கச் சொன்னேன். பெர்னிஸ் கேக் செய்து கொண்டுவந்தாள். பகடை ஆட்டமென்று கேலி செய்தவர்கள்கூட இரண்டு துண்டு தின்றார்கள்.

அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். நான் அதை எண்ணவில்லை. எண்ணியும் பயனில்லை, ஒரே ஓர் எண்ணை மாற்றியிருந்தால் எந்தக் கணக்கிலும் அகப்படாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

அந்த ஆட்டம் நிஜமா?

டெல்ஃபீன்


துலூத்
22 நவம்பர் 1974

டெல்ஃபீன்,

நிஜம். ஒன்பது இன்னிங்ஸும் விழுந்தபடியே எழுதினேன். அதைப் பற்றிக் கவலைப்படாதே. சட்டத்தைக் கழற்றாதே.

ஓரின்


துலூத்
25 நவம்பர் 1974

டெல்ஃபீன்,

மூன்று நாள் முன்பு போட்ட கடிதம் இதற்கு முன்னால் உன் கைக்கு வந்திருக்கும். அது பொய்.

லோர்னாதான் கண்டுபிடித்தாள். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். "என்ன எழுதினீங்க அவளுக்கு?" என்றாள். சொன்னேன். "நிஜமா அது?" என்றாள். நான் கரண்டியால் தட்டைக் கிளறினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். நீ எழுதிய ஒன்பது பக்கமும் மேசையில் அட்டைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், நான் 3-2 என்று முன்னால் இருக்கிறேன். உன் அணியின் முறை. ஒருவன் அவுட், இரண்டு பேர் தளத்தில் நிற்கிறார்கள், மட்டை பிடிப்பது உன் மான்னி க்ரெப்ஸ். உருட்டினேன். 3-1. அவன் அட்டையில் பகடை 3-1 என்றால் தரையோடு உருளும் பந்து, ஒரே வீச்சில் இருவர் அவுட். மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

பென்சிலை எடுத்தேன், எழுத வரவில்லை. பகடையைத் திரும்ப எடுத்து உருட்டினேன். இரண்டாவது தடவை 6-4. தளத்தில் நின்ற இரண்டு பேரும் ஓடி வீடு வந்து சேர்ந்தார்கள், இரண்டு ரன். அதை எழுதினேன். என் கடைசி இன்னிங்ஸை நேர்மையாகத்தான் உருட்டினேன், மூவரும் வரிசையாக அவுட். லோர்னா சமையலறையிலிருந்து, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள். "டெல்ஃபீன்," என்றேன். வாயால் சொன்ன பிறகு அது நடந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு அதை நல்ல காரியம் என்றே நினைத்தேன். இரண்டு வருஷமாக, நான் எவ்வளவு நல்லவன் என்று நினைத்துப் பார்க்க ஆசை வந்தால் அதைத்தான் நினைத்துக்கொள்வேன். இப்போது யோசித்தால், அந்த ஒரு உருட்டலை விழுங்கியதால்தான் 122 ஆட்டம் தொண்டையில் சிக்காமல் இறங்கியது என்று தோன்றுகிறது. முதல் தடவை உனக்காக, இரண்டாம் தடவை எனக்காக. கை என்னவோ ஒன்றுதான்.

உனக்கென்று இருந்த ஒன்றையும் நானே பிடுங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆறு பேருக்கும் கடிதம் எழுதிவிட்டேன், சோதனையைப் பற்றி. 1972-ஐப் பற்றி அதில் எழுதவில்லை. அதை எழுதுவதா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஓரின்


டொலீடோ
19 ஜனவரி 1975

ஓரின்,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. வேலை இருந்தது. நீ எழுதி நிரப்பிய அந்த 122 ஆட்டங்களையும் நான் உருட்டினேன். அதே அணிகள், அதே அட்டைகள். சனி, ஞாயிறு, பனி கொட்டி பஸ் ஓடாத நாள் எல்லாம் அதே வேலை. பெர்னிஸ் நாலைந்து தடவை வந்து எழுதிக் கொடுத்தாள். 4.37 வந்தது. பதிலாள் வந்தால் நம் லீகில் ஓர் அணிக்கு ஏறக்குறைய அரை ரன் ஏறும். இனி அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

இந்தக் கணக்கை ஆறு பேருக்கும் அனுப்பி மறுபடி ஓட்டெடுப்பு வைத்தேன். நீ விலகியதால் செயலாளர் வேலை இப்போது என் தலையில். முடிவு கேட்டால் சிரிப்பாய். உன்னை விட்டுவிட்டு ஏழு ஓட்டு. ஐந்துக்கு இரண்டு, விதி இருக்கட்டும் என்கிறார்கள். ரன் விழுந்தால்தான் உருட்ட ருசியாக இருக்கிறதாம். நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் இன்னொரு வருஷத்தில் தானாக வந்திருக்கும். என் கை இந்தத் தடவை எழவில்லை.

1972-க்கு வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று இரண்டாவது ஷிப்ட். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன், யாரோ நம்பர் கேட்கிறார்கள், எனக்குக் காதில் விழவில்லை. இடைவேளையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க கேக் தின்னது பொய் கேக். நான் ஜெயிக்கவே இல்ல."

ஒருத்தி மட்டும், "இதுக்கா இப்பிடி முகத்தத் தூக்கி வச்சிருக்க?" என்றாள். பெர்னிஸ் அவள் காலை மிதித்தாள். உடம்பெல்லாம் கூசியது. பகடை ஆட்டத்தில் ஏமாந்ததற்காக இல்லை. இரண்டு வருஷமாக நான் ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது, நீ பரிதாபப்பட்டுப் போட்ட ஒன்று. புருஷன் விட்டுப்போனவள், இதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று. அந்த ஒன்பது பக்கத்தை எழுதாமல் இருந்திருக்கலாம். இன்றுவரை என் மேல் எனக்கு ஆறாத வெட்கம் அதுதான்.

நீ என்னைத் தோற்க விட்டிருக்கலாம், ஓரின். அந்த ஆகஸ்டில் அதைவிடப் பெரியதையெல்லாம் தோற்றுவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷிப்டுக்குப் போனவள் நான். 3-2 என்ற ஒரு தாளைத் தாங்கியிருக்க மாட்டேனா? அப்போது கொஞ்சம் அழுதிருப்பேன். பிறகு உனக்கு வாழ்த்து எழுதியிருப்பேன். வாழ்த்து எழுதுகிற தெம்பு எனக்கு இருந்தது. அது உனக்குத் தெரியவே தெரியாமல் போய்விட்டது.

ஆகவே லீக் அறிக்கையில் திருத்தம் போட்டிருக்கிறேன். 1972, முதலிடம் துலூத், 3-2, கடைசி உருட்டல் 3-1. காரணத்தையும் மூன்று வரியில் எழுதியிருக்கிறேன், ஸ்டானை விட்டுவிட்டு. தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி, 6-4-ஐ அடித்து, சரியான எண்ணை எழுதிக் கோப்பில் வைத்தாயிற்று. வாழ்த்துகள். மனத்தார எழுதுகிறேன், நீ நியாயமாக ஜெயித்த ஆட்டம் அது.

ஆறு பேரும் உன்னை என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு பேர் வெளியேற்றச் சொன்னார்கள். உன் வீட்டு ஆட்டங்களை இனி எதிராளியே உருட்டட்டும் என்றார் ஒருவர். நான் இரண்டுக்கும் ஒப்பவில்லை. உன் கையிலிருந்து பகடையைப் பிடுங்கினால் நீ நேர்மையானவனா இல்லையா என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

ஏப்ரல் முதல் வாரம் நான் துலூத்துக்கு ஆட வருகிறேன், வழக்கம்போல் தபாலில், மூன்று ஆட்டம். என் கட்டளைத் தாள் இதோடு இருக்கிறது. க்ரெப்ஸ் நாலாவதாக ஆடுவான். நீயே உருட்டு. என்ன விழுகிறதோ அதை எழுதி அனுப்பு.

நான் எண்ணுவேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீ அனுப்புகிற ஒவ்வொரு தாளையும் கட்டம் கட்டமாக எண்ணுவேன். என்றைக்காவது ஒருநாள் எண்ண மறந்துபோவேன் என்று நினைக்கிறேன். அது எந்த நாள் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

டெல்ஃபீன்